ஒத்தை ஆள் செட்டு

அந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் காளிராஜ் குறை சொல்லாமல் விட்ட சத்தம் ஒன்றே ஒன்றுதான். கண்ணாடிக் கதவைத் திறந்தால் 'வாங்க, வணக்கம்' என்று ஒரு பெண்குரல் சொல்லும், அது. "வேணும்னா அதக் கழட்டித் தரவாண்ணே? அது ஒண்ணுதான் ஒங்களுக்குத் தோதா இருக்குபோல" என்று கடைப்பையன் பாண்டிமுருகன் கேட்டும் பார்த்துவிட்டான்.

பையன் என்று சொல்வது வழக்கத்துக்காக. அவனுக்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது. காரைக்குடியில் இருக்கிற அத்தனை கல்யாண டிஜேக்களுக்கும் ஸ்பீக்கர் விற்றவன், பொறுமைசாலி. ஆனால் காளிராஜ் பொறுமையின் அடியாழத்தைத் தொட்டுப் பார்க்கிற ஆள். ஒரு ஸ்பீக்கர் கனம் என்றான். அடுத்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆடி மாதம் வெளியே வைத்தால் திருப்பத்தூர் வரைக்கும் பறந்து போகும் என்றான். ஒன்றில் கலர் விளக்கு சுற்றிச் சுற்றி எரிந்தது, ஆம்புலன்ஸ் வந்துவிட்டதென்று கல்யாண வீட்டில் வழி விடுவார்கள் என்றான். சக்கரம் வைத்த ஒன்றைக் குனிந்து பார்த்து, "நம்ம பக்கத்துச் செம்மண்ணுல இது பொதைஞ்சா, தொல்லியல் துறையில சொல்லித்தான் தோண்டி எடுக்கணும்" என்றான்.

கூட வந்திருந்த அவன் மனைவி நாகஜோதி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.

மானகிரியில் காளிராஜை ரேடியோ செட்டுக்காரன் என்றுதான் சொல்வார்கள். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்தில் ஆரம்பித்த தொழில். இப்போது லேப்டாப், கலர் லைட்டு, 'ஜோதி டிஜே' என்று எழுதிய பேனர் எல்லாம் வந்தாகிவிட்டது. பேனரில் கறுப்புக் கண்ணாடி போட்ட காளிராஜ் படம் இருக்கும். கண்ணாடி, படம் எடுத்தவனுடையது. பேரும் காதும்தான் ஜோதியுடையது.

காது அவளுடையது என்பதைக் காளிராஜ் மைக்கிலேயே சொல்வான். அவனுக்கு வாய் முதல் தரம், காது சுமார். பாட்டுப் போடுகிற இடத்தில் நிற்பவனுக்குப் பாட்டு எப்படிக் கேட்கிறது என்று தெரியாது. செட்டுக்குப் பக்கத்தில் எல்லாப் பாட்டும் நல்லாத்தான் இருக்கும். விசேஷம் நடக்கிற செட்டியார் வீடுகளோ முகப்பு, நடுமுற்றம் வைத்த வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நீண்டுகொண்டே போகும். முன்னால் போட்ட பாட்டு பின்னால் போய்ச் சேர்வதற்குள் தூணில் மோதி, தளத்தில் வழுக்கி, வேறு பாட்டாகியிருக்கும். அதனால் காளிராஜ் முன்னால் நிற்பான். நாகஜோதி கடைசிக்குப் போய், சமையல்காரர்கள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு கை காட்டுவாள். கையை மேலே தூக்கினால் கீச்சுக்குரலைக் கூட்டணும். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் தடதடக்கிற பேஸைக் குறைக்கணும். இடுப்பில் கையை வைத்துவிட்டால் சரி, தொடாதே என்று அர்த்தம். சண்டை போட்ட நாளிலும் இந்தக் கைப்பேச்சு மட்டும் நின்றதில்லை.

ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டி இரண்டு. அதைத் தனியாளாகத் தூக்க முடியாது. ஒரு பக்கக் கைப்பிடி அவனுக்கு, மறுபக்கம் அவளுக்கு. லோடு ஆட்டோவில் இருந்து இறக்கி, உயர்ந்த வாசற்படிகளில் ஏற்றி, மறுபடி இறக்கி, மகள் அகல்யாவைக் கட்டிக்கொடுத்தது வரைக்கும் அந்தப் பெட்டிகள்தான். "மாலைய மாத்துனது ஒருக்காத்தான். அப்பறம் காலம் பூரா பெட்டியத்தான் மாத்தி மாத்திப் பிடிச்சிக்கிட்டுருக்கோம்" என்று கூட்டத்தைச் சிரிக்க வைப்பான்.

போன வருஷம் நாகஜோதிக்குக் கர்ப்பப்பையில் புற்று என்று தெரிந்தது. மதுரைக்கும் மானகிரிக்குமாக பஸ்ஸில் அலைந்தார்கள். நரம்பில் மருந்து ஏற்றி ஏற்றி, கடைசியில் டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டு, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நாள் கணக்கு எதுவும் சொல்லவில்லை. காளிராஜ் அவரிடமும் ஏதோ ஜோக் சொன்னான். அவர் சிரிக்கவில்லை.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே நாகஜோதி ஆரம்பித்துவிட்டாள். பெரிய பெட்டிகளைக் கொடுத்துவிட வேண்டும். ஒத்தை ஆளே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, பேட்டரியில் ஓடுகிற செட்டு ஒன்று வாங்க வேண்டும். நேமத்தான்பட்டி வள்ளியப்பன் செட்டியாருக்கு வைகாசியில் மணிவிழா, பேசி வைத்தது இருக்கிறது. அதைக் காளிராஜ் தனியாக நடத்த வேண்டும்.

"என் கண்ணால ஒரு விசேஷம் பாத்துட்டேன்னா போதும். இந்த மனுசன் பொழச்சுக்குவாருன்னு இருப்பேன்" என்றாள்.

காளிராஜ் ஜன்னல் பக்கம் திரும்பி, காய்ந்து கிடந்த கண்மாயை மிகுந்த அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆக, சிக்கல் ஸ்பீக்கரில் இல்லை. ஒத்தை ஆள் செட்டை வாங்கிவிட்டால் ஒத்தை ஆளாவதற்குச் சம்மதித்துவிட்டதாக ஆகிவிடும். வாங்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால், அவளும் இருந்துகொண்டே இருப்பாள் என்று ஒரு கணக்கு. கணக்கு தப்பு என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் கடைக்கு வந்து குறை சொல்லிவிட்டுப் போகிற ஒவ்வொரு நாளும் ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டு வேலை முழுக்க இப்போது அவன் தலையில். உலை வைத்தான், குழம்பு வைத்தான். குழம்பில் உப்புப் போட மறந்தால் அவளுடைய வாய்ப் புண்ணுக்காகத்தான் போடவில்லை என்பான். இரண்டு தடவை போட்டுவிட்டால், உப்பும் பேஸும் நமக்குக் கைகூடாது என்பான். அவள் மோர்விட்டுக் கரைத்த சோற்றை இரண்டு வாய் குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்று வைத்துவிடுவாள். அகல்யா திண்டுக்கல்லில் இருந்து போன் பண்ணினால், வாய் எரியுது, நீங்க பேசுங்க என்று இவனிடம் நீட்டிவிடுவாள். ஒருநாள் குக்கர் விசிலடித்து விசிலடித்து ஓய்ந்து, பருப்பு தீய்ந்துபோயிருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏதோ நினைப்பில் இருந்துட்டேன் என்றாள்.

கடையிலும் அப்படித்தான். எந்த ஸ்பீக்கரைப் போட்டுக்காட்டி எப்படி இருக்கு என்று கேட்டாலும், நீங்களே சொல்லுங்க என்பாள். காளிராஜுக்குக் கோபம் வந்தது. போகிறவள், தான் இல்லாமல் பழக்கிவிட்டுப் போகப் பார்க்கிறாள், சைக்கிளில் பிடியை விடுகிற மாதிரி விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். விழுந்து காட்டுகிறேன் பார் என்று அவனுக்கும் ஒரு வீம்பு.

சித்திரை முடியப் போகிற ஒரு மத்தியானம் மறுபடி போனார்கள். அவளால் நேராக நிற்க முடியாத வெயில். கடைக்குள் வந்து ஏசிக்கு நேராக நின்றதும்தான் முகம் தெளிந்தது. பாண்டிமுருகன் புதிதாக இறங்கியிருந்த ஒரு ஸ்பீக்கரை உருட்டிக்கொண்டு வந்தான். சூட்கேஸ் மாதிரி இழுத்துக்கொண்டு போகலாம். ஒரு கையில் தூக்கலாம். சுத்தமான சத்தம். காளிராஜ் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. வியர்த்தது.

"முக்கியமானத இன்னும் சொல்லலண்ணே" என்றான் பாண்டிமுருகன். "இதுக்கு ஒத்த ஆளு போதும். பாட்ட ஓடவிட்டுட்டு, போன எடுத்துக்கிட்டு நீங்களே பின்னால போயிருங்க. அங்குட்டு இருந்தே பேஸக் கூட்டலாம், கொறைக்கலாம். பின்னால நின்னு கை காட்ட இன்னொரு ஆளு வேணும்கிற பேச்சே இல்ல."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். நாகஜோதியின் நோய் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது.

"இது பேசுமா?" என்று கேட்டான் காளிராஜ்.

"போனோட சேந்துருச்சுன்னா 'கனெக்டட்'னு சொல்லும்ணே."

"ஏன் இம்புட்டு நேரமாச்சு, சாப்புட்டீகளா இல்லையான்னு கேக்குமா?"

பாண்டிமுருகன் சிரித்தான். நாகஜோதி பாண்டிமுருகனைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அவளைக் கடைக்கோடியில், ஃபிரிட்ஜ்கள் நிற்கிற பக்கம் போய் நிற்கச் சொன்னான். ஸ்பீக்கரை வாசல் பக்கம் வைத்தான். இன்றைக்கு அவளை வாயைத் திறக்க வைத்துவிடுவது என்று முடிவு. பாட்டை ஓடவிட்டு, போனில் பேஸை அடியோடு இறக்கி, கீச்சுக்குரலை உச்சிக்கு ஏற்றினான். தகரத்தில் ஆணியால் இழுத்த மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. பாண்டிமுருகன் காதைப் பொத்திக்கொண்டான். மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் இடுப்பில் இருந்த குழந்தை வீறிட்டது. ஒரு பெரியவர் விலை கேட்டதைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போனார். காளிராஜ் சிரித்துக்கொண்டே கோடியைப் பார்த்தான். இந்தச் சத்தத்துக்கு நாகஜோதி செருப்பைக் கழற்றிக்கொண்டு வருவாள்.

நாகஜோதி அவன் முகத்தைப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்தாள்.

நக்கல் பண்ணுகிறாள் என்று நினைத்தான். சிரிப்பை நிறுத்தினான். அவள் கை இடுப்பிலிருந்து மெல்ல இறங்கியது. சத்தத்தை அவன் மாற்றவே இல்லை. மறுபடி சிரித்துப் பார்த்தான். கை மறுபடி இடுப்புக்குப் போனது.

காளிராஜ் பாட்டை நிறுத்தினான்.

மதுரையில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது, காதுக்குள் சில்வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். அதை இவன் டாக்டரிடம் கேட்கவில்லை. "நம்ம செட்டுச் சத்தத்த இத்தன வருசம் தாங்குன காது, ஒரு சில்வண்டத் தாங்காதா" என்று கேலி பேசினான். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிச் சொல்லவே இல்லை. தீய்ந்த பருப்பும், நீட்டிய போனும், ஒரு நொடி தாமதமாக வந்த சிரிப்பும் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பழக்கிவிடுவதற்காக அவள் 'நீங்களே சொல்லுங்க' என்று சொல்லவில்லை. அவளால் சொல்ல முடியவில்லை. இவன் முகத்தைப் பார்த்துத்தான் சத்தத்தைத் தெரிந்துகொண்டிருந்தாள். இவனோ வாழ்நாளெல்லாம் எதற்கெடுத்தாலும் இளிக்கிற மூஞ்சி.

"என்னண்ணே, ஒரு மாதிரி ஆயிட்டீக" என்றான் பாண்டிமுருகன்.

"ஒண்ணுமில்லப்பா. மத்தது எல்லாத்தையும் போடு. ஒண்ணொண்ணாப் போடு."

அவள் அலுத்துப்போய், இவன் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வாஷிங் மெஷினைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டிமுருகன் ஒவ்வொன்றாகப் போட்டான். நல்லது, அதைவிட நல்லது, பேர்பெற்றது. முதுகு அசையவில்லை. கடைசியில் காளிராஜ் மூலையில் துணி மூடிக் கிடந்ததைக் கை காட்டினான். போனில் ஓடக்கூடியதுதான், ஆனால் விற்காமல் கிடக்கிற சரக்கு. பேஸைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. அதுவும் குழைந்துபோன பேஸ். தொழில் தெரிந்தவன் எவனும் தொடமாட்டான். பாண்டிமுருகன் வேண்டா வெறுப்பாகப் போட்டான். கண்ணாடி அலமாரி கிடுகிடுத்தது.

நாகஜோதி திரும்பினாள். ஏதோ கூப்பிட்ட மாதிரித் திரும்பினாள். வாஷிங் மெஷின் மேல் வைத்திருந்த விரல்கள் தாளத்துக்குத் தட்டின. எத்தனையோ மாதமாக அந்த முகத்தில் இல்லாத ஒன்று வந்து நின்றது.

"இதான்" என்றான் காளிராஜ்.

"அண்ணே, வேணாம்ணே. பாட்டுல ஒரு வார்த்த வெளங்காது. இதக் கொண்டுபோயி ஒரு வீட்டுல போட்டீகன்னா அடுத்த வீட்டுல கூப்புட மாட்டாக. அந்த நல்லது இருக்குல்ல, அத எடுங்க. நான் ஒங்களுக்குக் கெட்டது சொல்லமாட்டேன்."

"தெரியும்ப்பா. கட்டிக் குடு."

இத்தனை நாள் நல்லதையெல்லாம் குறை சொன்ன மனுசன் கழித்துப் போட்டதைத் தூக்கிக்கொண்டு போவதைப் பாண்டிமுருகன் படியில் நின்று பார்த்தான். 'வாங்க, வணக்கம்' என்று கதவு வெளியே போகிறவர்களிடமும் சொன்னது.

மணிவிழா அன்று காலையிலேயே நேமத்தான்பட்டி போய்விட்டார்கள். ஸ்பீக்கரைக் காளிராஜ் தனியாகவே இறக்கினான், தனியாகவே வாசற்படி ஏற்றினான். நாகஜோதி கூடவே வந்து ஒரு கையைக் கொடுக்கப் பார்த்தாள். வேண்டாமென்று தோளால் தடுத்தான். தாலி கட்டு முடிகிற வரை நாகஸ்வரம். வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியுமாக மத்தியானப் பந்தி. பந்தி முடிந்ததும் பேரப்பிள்ளைகள் வளவில் ஆடுவதற்குத்தான் டிஜே.

சமையல்கட்டுக்கு முன்னால், வழக்கமாக நிற்கிற இடத்தில், சமையல்காரி புஷ்பவள்ளி நாகஜோதிக்கு நாற்காலி போட்டிருந்தாள். பழைய பழக்கம். நாகஜோதியைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய அண்டாவைத் தேய்க்கக் குனிந்துவிட்டாள்.

காளிராஜ் பாட்டைப் போட்டான். போனை எடுத்துக்கொண்டு வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி நடந்து வந்து, நாகஜோதி பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷத் தொழிலில் ஒரு விசேஷத்திலும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டதே இல்லை. எப்போதும் ஒரு வீட்டின் நீளம் நடுவில் இருந்தது.

பேஸை உச்சத்துக்கு ஏற்றினான். மரத்தூண்கள் அதிர்ந்தன. நாகஜோதி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். செருப்பை உதறிவிட்டுக் காலைத் தளத்தில் அழுத்தி வைத்துக்கொண்டாள். உடம்பில் மிச்சமிருந்த எலும்பெல்லாம் பாட்டுக் கேட்டது.

பிள்ளைகள் ஆடவில்லை. என்ன பாட்டென்றே தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பட்டு வேட்டி, மாலையுடன் வள்ளியப்பனே எழுந்து வந்தார். மாலை போட்டவர் வந்து சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

"காளி, என்னப்பா இது. மாவிடிக்கிற மாதிரி தொம்மு தொம்முங்குது. உள்ள உக்காந்திருக்கிற விசாலம் ஆச்சிக்கு நெஞ்சு படபடங்குதாம். கொஞ்சம் பாத்து வையி."

"வச்சிர்றேண்ணே."

அவர் போனதும் நாகஜோதி கேட்டாள்.

"என்ன சொல்லிட்டுப் போறாக?"

"நல்லா இருக்குங்கிறாக."

"அவுக மூஞ்சி அப்படிச் சொல்லலையே." அவள் வளவைப் பார்த்தாள். சும்மா நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தாள். அப்புறம் இவனைப் பார்த்தாள். "எப்ப தெரியும் ஒங்களுக்கு?"

காளிராஜ் வாயசைவு தெரிகிற மாதிரித் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "கடையில" என்றான்.

"அதான் இதத் தூக்கிட்டு வந்தீகளா."

அவன் ஏதாவது கேலி வருமா என்று உள்ளே தேடிப் பார்த்தான். காலியாக இருந்தது.

"டாக்டரு அப்பவே சொன்னாரு, அந்த மருந்துல காது போனாலும் போகும்னு. ஒங்கள்ட்ட சொன்னா இன்னும் பயந்துக்குவீகன்னு விட்டுட்டேன்" என்றாள். "கொறைங்க. பேஸக் கொறைங்க."

"கொறச்சா ஒனக்குக் கேக்காது."

"கேக்காட்டிப் போகுது. எனக்கா டிஜே போட வந்தீக? பேரக் கெடுத்துக்கிட்டு நாளைக்கு யாருட்டப் போயி நிப்பீக? கொறைங்கன்னா கொறைங்க."

காளிராஜ் போனைப் பார்த்தான். போனைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரலால் திரையில் பேஸ் கோட்டைக் கீழே இறக்கினான். கொஞ்சம் இறக்கினான். அவள் தலை ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம். தளத்தில் பதிந்திருந்த கால்விரல்கள் தேடின. இன்னும் கொஞ்சம். விரல்கள் நின்றுவிட்டன. பாட்டு அவளை விட்டுப் போன இடம் இதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. அதற்கும் கீழே இறக்கிய பிறகுதான், தூண்களுக்கு நடுவே இருந்து வார்த்தைகள் தெளிவாக வந்தன. வளவில் ஒரு பிள்ளை ஓவென்று கத்திக்கொண்டு குதித்தது. மற்றவர்களும் குதித்தார்கள். வள்ளியப்பன் தூரத்தில் இருந்தே தலையாட்டினார்.

அந்த மோசமான ஸ்பீக்கரிடமிருந்து இவ்வளவு தெளிவையாவது வாங்கியது காளிராஜின் காதுதான். சுமார் என்று அவன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த காது.

"ஆடுதுகளா?" என்று கேட்டாள்.

"பாரேன்."

பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "பாட்டு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு ஜோதி. கொஞ்சம் குழையுது. இந்தப் பெட்டி இம்புட்டுத்தான் வரும்."

"பின்ன? வேற நல்லதா ஒண்ணு எடுக்கணும்ல. அந்தப் பையன் காமிச்சானே, உருட்டிட்டுப் போறது. அத எப்ப எடுப்பீக?"

காளிராஜ் குனிந்துகொண்டான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னான்.

"என்ன?" என்றாள்.

அவன் நிமிரவில்லை. அதையே மறுபடி சொன்னான்.

"எனக்குக் கேக்கலங்க. இங்குட்டுப் பாத்துச் சொல்லுங்க."

அவன் நிமிர்ந்து அவள் பக்கம் திரும்பினான். சொன்னான். கண்ணீர் உதட்டைக் கோணலாக்கியதில் அவளுக்கு வாயசைவு பிடிபடவில்லை. காதுப் பக்கம் கையைக் குவித்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லுங்களேன் என்றாள்.

"ஒனக்கப்பறம்" என்று கத்தினான் காளிராஜ். "ஒனக்கப்பறம் எடுத்துக்கிறேன் ஜோதி."

அண்டா தேய்த்துக்கொண்டிருந்த புஷ்பவள்ளியின் கை நின்றது. வளவில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நாகஜோதி குவித்திருந்த கையை இறக்கி அவன் முழங்கால் மேல் வைத்தாள்.

"இப்பக் கேட்டுச்சு" என்றாள்.